கொய்யாத் தோப்பில் தொங்கிய விளையாட்டுகள்

நஸ்ருதீனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வரும். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம், ஒரு மாடிப்படிக்குக் கீழே வீடியோ கேம் கடை வைத்திருக்கிறான். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டுப் பையன்கள் விளையாடுவார்கள். நஸ்ருதீனுக்கு இடது கால் சிறுவயதிலேயே சூம்பிப்போனது. மில்லில் நின்று வேலை பார்க்க முடியாது. அந்தக் கடையை விட்டால் அவனுக்கும் அவன் மனைவி சப்ரீனுக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

முன்பு எல்லா விளையாட்டும் டிஸ்க்கில்தான். கீறல் விழுந்தால் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து ஓட்டுவான். பிறகு டிஸ்க்கே வேண்டாத புது மிஷின் வாங்கினான். காசு கட்டினால் நெட்டிலேயே விளையாட்டு இறங்கிவிடுமாம். பழைய மிஷினை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, டிஸ்க் பெட்டியை என்னிடம் கொடுத்தான். எனக்குச் சுந்தரபாண்டியத்தில் கொய்யாத் தோப்பு; கிளித் தொல்லை தாங்காது.

"கட்டித் தொங்கவிடுங்க அண்ணாச்சி. வெயில்ல மின்னுனா கிளி அண்டாது."

"ஏலே, காசு போட்டு வாங்குன பொருளுல்லா? வீட்டுல ஒரு மூலையில கெடந்துட்டுப் போகட்டுமே."

"இனி எல்லாம் அக்கவுண்ட்ல இருக்கு. எவனும் கீறவும் முடியாது, களவாங்கவும் முடியாது."

அந்த அக்கவுண்ட்டை எந்த நம்பரில் தொடங்கினான் தெரியுமா? சவூதியில் இருந்த அவன் மச்சான் மைதீன் பிச்சையின் நம்பரில். அவர்தான் அங்கிருந்து ஒவ்வொரு விளையாட்டாக வாங்கிக் கொடுத்தார். வெளிநாட்டில் ஒரு ஆள் இருந்துவிட்டால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவதுதானே நம் ஆட்களின் வழக்கம். பிறகு மச்சான் ஒரேயடியாக ஊர் திரும்பினார். சிம்மை அங்கேயே வீசிவிட்டு வந்தார். அந்த நம்பரை ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இந்த ஏப்ரலில், முழுப் பரீட்சை லீவு தொடங்கும் நேரம் பார்த்து, இடி இடித்து மிஷின் போனது. மதுரையில் சரிசெய்து கொடுத்தார்கள். உள்ளே இருந்த விளையாட்டு ஒன்றுகூட இல்லை. அக்கவுண்ட்டைத் திறந்தால் எல்லாம் திரும்பி வரும். திறக்க ஓடிபி வேண்டும். அது சவூதி நம்பருக்குப் போகிறது.

மச்சான் அந்த நம்பருக்கே ஃபோன் போட்டார். எவனோ எடுத்தான். இப்போது ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்கள் என்று தெரிந்த அரபியில் கெஞ்சினார். அவன் கண்டபடி ஏசிவிட்டு வைத்தான். அதன்பிறகு அந்த நம்பருக்கு ஃபோன் போகவே இல்லை. அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? முகம் தெரியாதவன் ஓடிபி கேட்டால் நானும் திருடன் என்றுதான் நினைப்பேன். கம்பெனிக்கு எழுதினால், அந்த நம்பருக்கு வந்த ஓடிபியைப் போடுங்கள் என்று அதே பதில். எல்லாவற்றையும் மறுபடி வாங்க நஸ்ருதீனுக்கு வக்கில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. தோப்பில் தொங்கிய டிஸ்க் எல்லாம் வெயிலில் வெளுத்து உரிந்திருந்தன. பெட்டியின் அடியில், கட்ட மறந்த கிரிக்கெட் டிஸ்க் ஒன்று மட்டும் டப்பாவோடு கிடந்தது. ஒரு கீறல் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி அவன் கடைக்கு ஓடினேன்.

"இந்தா, இதையாவது போடு."

திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "புதுசு மாதிரி இருக்கு அண்ணாச்சி." பிறகு மிஷினைத் தூக்கி எனக்கு நாலு பக்கமும் திருப்பிக் காட்டினான். "இதுல டிஸ்க் போடுத வழியே கெடையாது."

டிஸ்க்கை டப்பாவில் வைத்து மூடினான்.

"லீவு முடியுததுக்குள்ள கம்பெனிக்காரனுவ தொறந்து குடுத்துருவானுவளா அண்ணாச்சி?"

நான் கொய்யா விற்கிறவன். என்னிடம் கேட்கிறான்.