பெட்டிக்கு எந்தக் காட்டு மரம்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிஸ்பாட்ச் பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு திங்கட்கிழமை, பட்டாபிராமிலிருந்து ரயிலில் வந்து உட்காரக்கூட இல்லை. மேனேஜர் நாராயணன் சார் ஒரு ஃபேக்ஸை நீட்டினார். எங்கள் முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர், நாற்பது பம்ப், ஜெர்மனிக்கு. பன்னிரண்டு நாளில் கப்பல். காட்டை அழித்து எடுத்த மரத்தில் பெட்டி செய்திருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்புவோம் என்று எழுதியிருந்தார்கள்.

"பம்ப் எப்படி ஓடும்னு கேட்டா சொல்லலாம். பெட்டிக்கு எந்தக் காட்டு மரம்னு கேக்கறான். என்ன பதில் போடறது, ஸ்டெல்லா?"

மர டிப்போவுக்குப் போன் செய்தேன். "மலேசியாப் பக்கத்துலேர்ந்து கப்பல்ல வர்ற மரம்மா. எந்தக் காடுன்னு அதுமேல எழுதியா இருக்கும்?" என்று முதலாளி சிரித்தார்.

பேக்கிங் செக்‌ஷனுக்குப் போய்ச் சொன்னேன். கார்பென்டர் ஏகாம்பரம் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இன்னா மேடம், பெட்டிக்குக்கூட ஜாதகம் பாக்கறானா?"

ஃபேக்ஸோடு வந்த விளக்கத்தைப் படித்துத் தமிழில் சொன்னேன். மரம் காற்றிலிருக்கும் கரியை இழுத்து உடம்பில் வைத்துக்கொள்கிறது; காட்டை வெட்டி எரித்தால் அத்தனையும் காற்றில் கலந்து, சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது; பூமி சூடாகிறது, மழை கணக்குத் தவறுகிறது.

"அங்க வெட்னா இங்க இன்னாத்துக்கு மேடம் சூடாவணும்?"

"காத்துக்குக் காம்பவுண்டு சுவர் இருக்கா, ஏகாம்பரம்?"

அவர் விறுவிறுவென்று கேன்டீனுக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்த பைன் மரப் பெட்டிகள் அங்கே மலைபோல் கிடந்தன. கேன்டீன் மாஸ்டர் துரை அதில் ஒன்றைப் பிளந்துகொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, கோடாலிய கீய வெய்யி! இத்த பிரிச்சு நம்ம பெட்டி அடிக்கப் போறேன்."

"அப்ப சாம்பாரை உன் தலைலயா வெச்சுக் கொதிக்க உடறது?"

இருவரும் ஒரே பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். சத்தம் கேட்டு வந்த நாராயணன் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். கேன்டீனுக்கு கேஸ் அடுப்பு வாங்கித் தருவதாக அவர் அங்கேயே வாக்குக் கொடுத்த பிறகுதான் துரை பலகையை விட்டார்.

பழைய பைன் பெட்டி பரவாயில்லையா என்று ஃபேக்ஸ் அனுப்பினோம். மறுநாளே சம்மதம் வந்தது. ஆனால் கேன்டீன் குவியலில் பதினெட்டுப் பெட்டிக்குத்தான் பலகை தேறியது. மீதிக்கு நானும் ஏகாம்பரமும் எஸ்டேட்டில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினோம். "பழைய பெட்டி இருக்கா?" என்று கேட்டதும் ஒரு வாட்ச்மேன் எங்களைப் பழைய பேப்பர்க்காரர்கள் என்று நினைத்து வெளியே நிற்கச் சொன்னார். ஏகாம்பரம் அதைச் சொல்லிச் சொல்லி நாள் முழுக்கச் சிரித்தார். பதினோராம் நாள் மத்தியானம் நாற்பதாவது பெட்டிக்கு ஆணி அடித்து முடித்தபோது, வேடிக்கை பார்க்க வந்த துரையே முதலில் கை தட்டினார்.

இரண்டு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து ஒரு போட்டோ வந்தது. ஒரு பெட்டியின் உள்பக்கம் அவர்களுடைய பக்கத்து ஊர் கம்பெனியின் பெயர் அச்சாகியிருந்ததாம். பெட்டி கடல் தாண்டிப் போய்விட்டு வீடு திரும்பியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். கூடவே அடுத்த ஆர்டரும்.

பதினோரு வருஷமாக, சரக்கு கேட்டு எழுதும் இண்டென்டில் 'மரம்' என்று மட்டும் எழுதிவந்தவள் நான். அதன் பிறகு, 'எங்கே வளர்ந்தது' என்று ஒரு கட்டத்தைக் கூடுதலாகப் போட்டேன். டிப்போ முதலாளி முதலில் முணுமுணுத்தார். ஆறு மாதத்தில் அவரே போன் செய்தார்.

"மேடம், இது திருத்தணிப் பக்கம் பட்டா நிலத்துல நட்டு வளர்த்த தைலமரம். நானே பஸ் ஏறி நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன்."

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கேள்வியைக் கேட்டுவிடுங்கள். பதில் தெரியாதவர்கூட ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.