கத்திரி வெயிலில் ஒரு கொய்யா

போன மாதம், மண்ணே கொதிக்கிற கத்திரி வெயிலில், தொட்டியில் கொய்யாக் கன்று நட்டேன்.

திருக்கழுக்குன்றம் தேர் பார்க்கப் போனபோது வாங்கியது. மற்றவர்கள் வீட்டுக்கு வளையலும் பொரியும் வாங்கினார்கள். தனியாகப் போனவன் வேறென்ன வாங்குவான்?

மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துக்கு நான் உத்தியோகம் என்று வந்து ஒரு வருஷம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். இங்கே எல்லாரும் 'சார்' என்று ஒதுங்கி வழி விடுகிறார்கள். பேசத்தான் ஆளில்லை.

அறை வாசலில் தொட்டியை வைத்ததும் பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா – மீன் கூடைக்காரர் – சிரித்தார்.

"இன்னா சார், நமக்கே நாக்கு தள்ளுது. இந்த வெயில்ல செடி நட்டுக்கினு கீறியே!"

ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

பத்தாம் நாள் ஒரு துளிர்! யாரிடம் சொல்ல? செடியிடமே சொன்னேன்.

அப்புறம் சொந்த ஊரான படாளத்திலிருந்து அப்பா ஆள் அனுப்பினார். சொந்தக்காரர் ஒருவருக்காக நான் மனு எழுதித் தர வேண்டுமாம். மூன்று நாள் ஆகும். செடிக்குத் தண்ணீர்? அக்காவைக் கேட்கலாம்... படித்தவன் என்று ஊருக்கே மனு எழுதித் தருகிறவனுக்குத் தனக்கென்று ஓர் உதவி கேட்க வாய் வரவில்லை. பேசாமல் பஸ் ஏறிவிட்டேன்.

திரும்பி வந்தால் – தொட்டி ஈரம். இலையெல்லாம் கருகல். கருவாட்டு வாடை வேறு.

"நான்தான் சார் ரெண்டு வேளையும் ஊத்தினேன்" என்றார் அக்கா, பெருமையாக. "கருவாடு கழுவுன தண்ணி. நல்ல சத்து!"

அத்தனையும் உப்பு! சொல்ல மனம் வரவில்லை. அவர் கூடையோடு கிளம்பியதும் மண்ணைக் கொட்டி வேரை அலசினேன். எதையோ மறந்து திரும்பி வந்தவர் பார்த்துவிட்டார். முகம் சுண்டிப்போனது.

"நாத்தம்னு கழுவுறியா சார்? நாங்க ஊத்தக் கூடாதா?"

"ஐயோ, உப்புக்கா... வேர் கருகிடும்னுதான்..."

"அத்த வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? போம்போதே சொல்லியிருந்தா நல்ல தண்ணியே ஊத்தியிருப்பேனே!"

நியாயம்தானே? கேட்காமலே உதவி வர வேண்டும் என்று காத்திருந்தால், வருவது இப்படித்தான் வரும்.

மறுநாள் காலை, தூரத்து ஊற்றிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் அக்காவின் இடுப்பில் வந்து இறங்கியது. செடி பிழைக்குமா, தெரியாது. ஒரே ஒரு கணுவில் மட்டும் பச்சை.

"உள்ளே வந்து உட்காருங்கக்கா" என்றேன், முதல் தடவையாக.

எட்டிப் பார்த்தார். "எங்க சார் குந்துறது?"

ஒரு வருஷமாக என் அறையில் ஒரே ஒரு நாற்காலி!