மேடையில் நின்றவரிடம் வாக்கு கேட்டேன்

காவலூர் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில், பகலில் மனதைப் படித்துச் சொல்லும் நிகழ்ச்சி வைத்தார்கள். மலையிலிருந்து மேகம் இறங்கி, பந்தல் முழுக்கப் புகை போல நின்றது. நிகழ்ச்சி நடத்திய தம்பி என்னை மேடைக்கு அழைத்து, ஒரு பெயரை நினைக்கச் சொன்னார். கர்ப்பமாக வீட்டில் படுத்திருந்த மகளை நினைத்தேன்.

“வள்ளி” என்றார்.

மகளின் பெயரேதான்; உடம்பு சிலிர்த்துவிட்டது. முருகனே வந்து நிற்பதாக நினைத்து, மிதப்பது போல இறங்கி வந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் வெற்றிலைத் தட்டோடு அவரிடம் போனேன்.

“சாமி மைக்கு புடிச்சிக்கினா வரும்?” என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். நான் காதில் வாங்கவில்லை.

“சாமி, பொண்ணுக்கு எட்டாம் மாசம். கால் வீங்கிப்போச்சி, ஓயாம தலைவலின்றா. திருப்பத்தூர்ல சேக்கச் சொல்றாங்க டாக்டரம்மா. வூட்லயே வெச்சிக்கலாமா? ஒரு வாக்கு சொல்லுங்க.”

அவர் பதறிவிட்டார். “அம்மா, கூத்துல ராஜா வேஷம் கட்டுனவர்கிட்ட நாட்டைக் கேப்பீங்களா? நானும் அப்படித்தாங்க. இது பழகுன கலை. டாக்டர் சொல்லியும் இங்க நின்னுட்டு இருக்கீங்களே! மொதல்ல வண்டி புடிங்க.”

மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மேகத்துக்குள்ளேயே மலையிறங்கினோம். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். நல்லவேளை வந்தீர்கள் என்றார் டாக்டரம்மா. முருகன் புண்ணியத்தில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அந்தத் தம்பியை அங்கே நிறுத்தியதும் முருகன்தான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் இப்போது அப்படிப்பட்ட நிகழ்ச்சி டிவியில் வந்தால், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஆசை தீரக் கைதட்டுகிறேன். உடம்புக்கு ஒன்று என்றால் டாக்டரம்மாவிடம்தான் கேட்கிறேன்.