பள்ளிச் சுவருக்குப் பின்னால் ஒரு கடை

சங்கரன்கோவிலில் என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும் பள்ளியில் அன்று பெற்றோர் கூட்டம். முடிந்ததும் தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், நீங்க நகராட்சியிலதான இருக்கிய? பின்பக்கம் வந்து பாருங்க."

மைதானத்தின் கோடியில், சுற்றுச்சுவரில் ஒரு கல் பெயர்ந்து ஓட்டையாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு முடுக்குச் சந்து. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கடையின் பின் ஜன்னல். ஜன்னலில் சிகரெட் பெட்டிகள்.

அந்தக் கடையின் உரிமத்துக்காக மூன்று மாதத்துக்கு முன் கள அறிக்கை எழுதியவன் நான்தான். சுகாதார ஆய்வாளர் வேலைக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது.

கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள், அதாவது சுமார் தொண்ணூறு மீட்டருக்குள், பீடி, சிகரெட் விற்கக் கூடாது. இந்த விதி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் எங்கள் அலுவலகப் பழக்கம், பள்ளியின் பெயர்ப்பலகை மாட்டிய வாசலில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்து, ரோட்டோடு நடந்து கடை வாசல்வரை அளப்பது. அப்படி அளந்தபோது நூற்றுப்பதினெட்டு மீட்டர் வந்தது. "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். விதி சொல்வது வேறு: பள்ளியின் வெளிச்சுவரிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். நேர்கோட்டில் அந்தக் கடை ஒரு மீட்டர் தூரம்கூட இல்லை.

வீட்டில் மகளிடம் பொதுவாகத்தான் விசாரித்தேன். அவள் மறைக்கவில்லை.

"யப்பா, எங்க கிளாஸ்ல எனக்குத்தான் கை நீளம். பிளஸ் ஒன் அண்ணங்க காசு தருவாங்க, நான் ஓட்டை வழியா கைய நீட்டி வாங்கிக் கொடுப்பேன். நான் குடிச்சதில்லப்பா, சத்தியமா."

அவளை நான் திட்டவில்லை. அன்று நான் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் ஆணையரிடம் உள்ளதைச் சொன்னேன். கோப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"உம்ம அறிக்கைய நீரே தப்புன்னு எழுதுனா மெமோ வரும்வே. ரிப்பேருக்கு எழுதிவிட்டு ஓட்டைய மட்டும் அடைச்சிருவமா?"

"ஓட்டைய அடைச்சாலும் கடை அங்கனதான சார் இருக்கும். மெமோ வரட்டும்."

அவர் சிரித்துவிட்டு, "அப்போ போயி ஒழுங்கா அளந்துட்டு வாரும்" என்றார்.

கடைக்காரர் முருகையா அண்ணாச்சி டேப்பைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சார், போன தடவ நீளமா இருந்த டேப்பு இப்போ சுருங்கிட்டாக்கும்? நீங்கதான அளந்தீய?"

"நான்தான் அண்ணாச்சி. தப்பா அளந்துட்டேன். சின்னப் பிள்ளையளுக்குச் சிகரெட் கொடுக்கியளே, அது மட்டும் சரியா?"

"ஓட்டையில கைதான் தெரியுது. கையில வயசா எழுதியிருக்கு?"

"அதுல ஒரு கை என் மகளோடது."

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். "எம் பேத்தியும் இங்கனதான் ஆறாப்பு படிக்கா" என்றார், என்னைப் பார்க்காமலே.

புகையிலைப் பொருட்களை நீக்கி உரிமம் திருத்தப்பட்டது. பின் ஜன்னலை அவரே செங்கல் வைத்துப் பூசிவிட்டார். இப்போது நோட்டு, பேனா, கடலைமிட்டாய் ஓடுகிறது. எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மகள் பள்ளியிலிருந்து வர பத்து நிமிடம் பிந்தினால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன்.

போன வாரம் முருகையா அண்ணாச்சி அலுவலகத்துக்கு வந்தார். ஊருக்கு வெளியே, கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் சிகரெட் விற்க இன்னொரு கடைக்கு விண்ணப்பம்.

"பக்கத்துல பள்ளிக்கூடம் எதுவும் கெடையாது சார். நானே சுத்திப் பாத்துட்டேன். இருந்தாலும் நீங்க வந்து பாத்துருங்க."

மறுநாள் காலையில் அந்த இடத்துக்கு என்னோடு வந்த புது ஆய்வாளர் புதுக் கடை வாசலில் டேப்பை விரித்தார். சுருட்டச் சொன்னேன். முதலில் கடையின் பின்பக்கம் போனோம். அங்கே ஒரு வீட்டின் முன் பத்துப் பன்னிரண்டு சின்னச் செருப்புகள் கிடந்தன. உள்ளே அங்கன்வாடி. பலகை இன்னும் மாட்டவில்லை.

அண்ணாச்சி செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையிலிருந்த விண்ணப்பத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.