மூர்ச்சை வரவழைத்த உளி

மழைக்காலத்தில் எங்கள் வலியசாலை வீட்டுக் குளியலறைக் கதவு ஊதிக்கொள்ளும். ஒரு நாள் அண்ணா உள்ளே மாட்டிக்கொண்டார். கதவை உதைத்துத் திறந்து வந்தவர், விளிம்பைச் செதுக்கிவிடுகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த என்னை ஈரக் கையால் அறைந்தார். நான் வாளியால் அடித்தேன். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியாயிற்று. வாளி உடைந்தது, அவர் முழங்கால் வீங்கியது.

மறுநாள் காலை, ரோஷத்தோடு உளியும் சாணைக்கல்லுமாக முற்றத்தில் உட்கார்ந்தேன். சாணை பிடிப்பதில் எனக்கு வீட்டில் பெயர் உண்டு. நான் தீட்டிய கத்தியைத் தொடுமுன் மனைவி பிளாஸ்திரி டப்பாவை எடுத்து வைத்துக்கொள்வாள். எதைத் தீட்டினாலும் முன்கை மயிரை மழித்துப் பார்ப்பதால், என் இடது கை உரித்த கோழி போலிருந்தது.

உளியை இரவல் கொடுத்த சிநேகிதர் போனில் விசாரித்தார்.

"சுத்த மொண்ணை ஓய்! தலையிலே எத்தனை போட்டும் அசையலை. சாயங்காலத்துக்குள்ளே மூர்ச்சை வரவழைச்சுடறேன். அப்புறம் ஒரே தட்டுதான்," என்றேன்.

மலையாளத்தில் மூர்ச்சை என்றால் கூர்மை. இந்த மலையாளச் சீமையிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் தமிழில் அது எப்போது வந்து உட்கார்ந்ததென்று தெரியாது. மன்னி தஞ்சாவூர்க்காரி. அண்ணா அங்கே வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவரோடு எங்கள் மாடிக்குக் குடிவந்து சில மாதம்தான். மாடிப்படியில் நின்று கேட்ட அவளுக்குத் தெரிந்த மூர்ச்சை, மயங்கி விழுவது. நான் தீட்டி முடித்த சாயங்காலம், வெளியே போயிருந்த அண்ணா திரும்பியதும் சொன்னாள்.

"கேட்டேளா? உங்க தம்பி உங்களை மொண்ணைன்னுட்டு, மண்டையிலே அடிச்சு மூர்ச்சையாக்கப் போறாராம். கையிலே உளி!"

அண்ணா உலக்கையோடு இறங்கி வந்தார். "யாருடா மொண்ணை?" முதல் அடி என் தோளில். எலும்பு முனகியது எனக்கே கேட்டது. இரண்டாவது அடிக்கு உலக்கை உயர்ந்தபோது, தடுக்கத் தூக்கிய என் கையில் உளி இருந்தது. அண்ணா அதைப் பிடுங்கினார், வெட்டுவாய்ப் பக்கமாகப் பிடித்து.

அவர் வலது உள்ளங்கையில் ஒரு வெள்ளைக் கோடு. பிறகுதான் ரத்தம். அப்படியொரு கூர்மை என் கைக்கு அதுவரை கூடி வந்ததில்லை.

ஆட்டோவில் போகும்போதும் அண்ணா என்னைக் காலால் உதைத்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர், எப்படிக் காயமானது என்று மலையாளத்தில் கேட்டார்.

"உளிக்கு மூர்ச்ச கூடிப்போயி," என்றேன்.

"உளிக்கு எப்படி மூர்ச்சை வரும்?" என்றாள் மன்னி.

விளக்கினேன். மன்னி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணா என்னைப் பார்த்த பார்வையில் உலக்கை இருந்தது.

இரண்டு விரல்களின் நரம்பு அறுந்திருக்கிறது, தைக்கிறோம், மறுபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். கட்டுப் போட்டிருந்த வாரங்களில் மன்னிதான் சாதம் பிசைந்து ஊட்டினாள். அண்ணா ஒவ்வொரு கவளத்துக்கும் என்னைத் திட்டினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.

கட்டுப் பிரித்த அன்று டாக்டர், "விரலை மடக்கிப் பாருங்கள்," என்றார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மடங்கின. மற்ற இரண்டும் நடுங்கின. பிறகு அவையும் மெல்ல மடங்கி, முஷ்டியாயிற்று.

அண்ணா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே என் தாடையில் ஒரு குத்து விட்டார்.

"பலம் இருக்கே!" என்று மலையாளத்தில் மகிழ்ந்தார் டாக்டர். "இன்னொரு தடவை?"

நான் நகரவில்லை.