பாவாடை ஓரத்து மஞ்சள்

“…அதுக்காக வெள்ளை கட்டினவளையெல்லாம் பேயின்னு சொல்லிருவாங்களா, அண்ணே? நல்ல ஊருதான் போ” என்றாள் அத்தை. வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்ததால் பாதிச் சொல் பல்லுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ரயில்வே பட்டறை ஆபீசில் அவர் கிராணி, அதாவது குமாஸ்தா. நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இங்கிலீஷ் தெரிந்தவர் என்று பெயர். காலையில் துரைசானி வீட்டில் கேட்டு வந்ததையெல்லாம் தங்கைக்குத் தமிழில் சொல்லிச் சொல்லியே மனிதர் களைத்துப் போயிருந்தார்.

துரைசானி, அப்பாவுடைய பெரிய துரையின் மனைவி. சிறு வயதில் லண்டனில் மேடையேறி ஆடியவளாம். இப்போது முழங்கால் போய், வெள்ளைக்காரப் பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளப்பில் ஓர் ஆட்டம் வைக்கப் போகிறாள். அதற்குப் பழைய மாதிரிப் பாவாடைகள் வேண்டும்.

அவள் சொல்லி அப்பா சொன்னது இது. முன்னே பிரெஞ்சு தேசத்து ஆட்டக்காரிகள் கனத்த பட்டும் குதிகால் உயர்ந்த செருப்புமாகத்தான் ஆடினார்களாம். நூறு வருஷத்துக்கு முன் ஒருத்தி மெல்லிய வெள்ளை மஸ்லினில், இடுப்புவரை இறுக்கி, அதற்குக் கீழே மணியைக் கவிழ்த்தாற்போல விரிந்த பாவாடையோடு மேடைக்கு வந்தாள். நீளம் கெண்டைக்கால் மட்டும்தான். விரல் நுனியில் நிற்கிற பாதம் சனங்களுக்குத் தெரிய வேண்டுமே! உள்ளே அடுக்கடுக்காய் மெல்லிய துணி. கேஸ் விளக்கு வெளிச்சத்தில் பெண் நடக்கிற மாதிரியே இருக்காதாம், பனி நகர்கிற மாதிரி இருக்குமாம். அதிலிருந்து தேவதையாக வருகிறவளுக்கும் அந்த உடுப்பு, கல்யாணமாகாமல் செத்த பெண்ணின் ஆவியாக வருகிறவளுக்கும் அதே உடுப்பு. ‘டுட்டு’ என்ற பேர் அதற்குப் பிற்பாடு வந்ததாம்.

அந்த விளக்குதான் எமனும் ஆனது. பாவாடை ஓரம் பட்டு, பற்றிக்கொண்டு, சில பெண்கள் செத்தே போனார்கள். படிகாரம் கலந்த ஒரு தண்ணீரில் முக்கினால் துணி தீப்பிடிக்காது என்று கண்டுபிடித்தார்களாம். ஆனால் துணி விறைத்துவிடும், வெள்ளை போய் மஞ்சளடிக்கும். ஆட்டக்காரிகள் முடியாது என்றுவிட்டார்கள்.

“செத்தாலும் சாவேன், மஞ்சளாக மாட்டேன்னாளுங்களா!” அத்தை குண்டூசிகளைக் கையில் துப்பிவிட்டுச் சிரித்தாள். “அது சரி. அதுவும் ஒரு பிடிவாதம்தான்.”

அத்தையும் வெள்ளைதான் கட்டுவாள். மாமா காய்ச்சலில் போனதும் கிள்ளானிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். தீபாவளிக்கு எல்லார் புதுத்துணியிலும் அம்மா மூலையில் மஞ்சள் தடவித்தான் கொடுப்பாள். அத்தையின் சேலையை மட்டும் அப்படியே எடுத்து நீட்டுவாள். வெள்ளையில் கறை தெரியும், அதனால்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அத்தையைக் கப்பலேற்றி, நாகப்பட்டினத்துப் பக்கம் மாமாவின் அண்ணன் வீட்டுக்கே அனுப்பிவிடுவதாகப் பேச்சு. “அங்க போனா மாட்டுக்கொட்டாதான் எனக்கு அரமனை” என்பாள் அத்தை. அப்பா கல்நெஞ்சுக்காரர் இல்லை. சின்ன வீடு, நிறைய வாய். “தொரசானிக்கு மொதப் பாவாடை புடிச்சிருச்சுன்னா மத்ததெல்லாம் உனக்குத்தான். பள்ளிக்கூடத்துத் தையலும் வாங்கித் தரேங்குறா. அப்புறம் நீ யார் கையையும் பாக்க வேணாம், இங்கயே இரு. இல்லாட்டி…” என்று நிறுத்தினார். அந்த ‘இல்லாட்டி’க்குப் பின்னால் கப்பல் நின்றது.

அத்தை தைத்தாள். அந்தத் துணி இருக்கிறதே, பிடித்தால் நிற்காது, விட்டால் பறக்கும். அடுக்கைச் சுருக்கிச் சுருக்கி இடுப்புப் பட்டியில் பிடிக்க வேண்டும். ஒரு சுருக்கு தப்பினால் மணி சரிந்துவிடும். பிரித்தாள், மறுபடி தைத்தாள். “அலுப்புக்கே அலுத்துப் போச்சுடி” என்று என்னிடம் சொல்லி, மெஷின் பலகையிலேயே நெற்றியை வைத்துக்கொள்வாள். ரயில் போனால் பலகை அதிரும். எழுந்து மறுபடி மிதிப்பாள்.

முடிந்ததும் அப்பா, அத்தை, நான் மூவருமாகத் துரைசானி வீட்டுக்குப் போனோம். பாவாடையைக் கசங்காமல் பிடிக்க இன்னொரு ஜோடிக் கை வேண்டியிருந்தது, அதற்கு நான்.

துரைசானி தூக்கிப் பார்த்தாள், உதறினாள். மணி அழகாக விரிந்தது. அப்பா மூச்சு விட்டார். விரிவு சரியா என்று தானே உடுத்திப் பார்க்க அவள் உள்ளே கிளம்பியபோது அத்தை, “இருங்கம்மா, ஒரு நிமிசம்” என்றாள். மடியிலிருந்து வெற்றிலைச் சுருளை எடுத்தாள். அதில் குழைத்த மஞ்சள். யாரும் தடுப்பதற்குள் அந்த வெள்ளை விளிம்பின் மூலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

“அடிப்பாவி! கெடுத்தியே!” என்று தமிழில் கத்திய அப்பா, உடனே இங்கிலீஷில் குழைந்தார். கை தவறிப் பட்டுவிட்டது, துவைத்தால் போய்விடும் என்று சொல்லியிருக்க வேண்டும். தன் வேலைக்கே வினை வந்ததுபோல முகம் வெளிறிவிட்டது.

“தவறல, அண்ணே. பொய் சொல்லாத. புதுத்துணிய மஞ்ச வைக்காம எப்படி ஒருத்தி உடம்புல ஏத்துறது? அதுவும் தீ தின்ன துணி.”

“கிளப்புல இப்ப கரண்டு வெளக்கு!”

“கரண்டுன்னா சுடாதா? சொல்லு அவங்ககிட்ட.”

அப்பா சொன்னார். எப்படிச் சொன்னாரோ! துரைசானி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே அந்தப் பொட்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு களைத்த குரலில் ஏதோ சொன்னாள். அப்பா நம்பாமல் திரும்பக் கேட்டார். அவள் மறுபடி சொன்னாள்.

“மஞ்சளாயிரும்னு முறுக்கிக்கிட்டதெல்லாம் வயசுப் பொண்ணுங்களாம். தனக்கு அந்த வயசெல்லாம் போயிருச்சாம். இருந்துட்டுப் போகட்டுங்குறா.” அப்பாவின் குரல் அடங்கியிருந்தது. “மத்ததையும் நீயே தைக்கணுமாம். எல்லாத்துலயும் வைக்கணுமாம்.”

அத்தை பாவாடையைத் துரைசானி மடியில் வைத்துவிட்டு விலகி நின்றாள். வெற்றிலையில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருந்தது. விரலால் அதை வழித்து, எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, தன் வெள்ளைச் சேலை முந்தானையின் மூலையில் அழுத்தித் தேய்த்தாள். வீட்டுக்குப் போனதும் அதை யார் துவைப்பது என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.