ஊசி பட்டதும் சுருங்கிய மணி

அன்னவாசல் பக்கம் எங்கள் வயலை ஒட்டி மாணிக்கம் அண்ணனின் மீன் குட்டை இருக்கிறது. போன மழைக்காலத்தில் மீன்கள் மேல் பஞ்சு போல வெள்ளை படர்ந்து, செத்து மிதந்தன. டீக்கடை வாசலில் ஊரார் முன்னால் அண்ணன் என்னை நிறுத்தினார்.

“குட்டையில பூச்சிமருந்து ஊத்துனது நீதானே? ஊமக்கோட்டான் மாதிரி நிக்கிறா பாரு!”

கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. தலை குனிந்து வந்துவிட்டேன். பேசாததால் நான்தான் செய்தேன் என்று முடிவு கட்டினார்கள். களையெடுக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை.

கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மாணிக்கம் அண்ணன் மகள் கவிதாதான் என்னை மறுபடி அந்தக் கடைக்கு இழுத்துப்போனாள். மீன் மேலிருந்த வெள்ளையை நுண்ணோக்கியில் வைத்து எடுத்த வீடியோவை, அங்கே உட்கார்ந்திருந்த அப்பாவுக்கும் ஊராருக்கும் செல்போனில் காட்டினாள். ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு குட்டி மணி. ஊசி பட்டதும் நூல் சுருண்டு மணி ஒடுங்கியது. பிறகு மெல்ல நிமிர்ந்தது.

“அப்பா, இது வோர்டிசெல்லா, ஒத்தச் செல்லு உசுரு. நீங்க கொட்டுன தீனி அழுகித்தான் இப்படிப் பெருகியிருக்கு. அத்தை என்ன பண்ணுவாங்க?”

“சரி சரி, டீயைக் குடி” என்று அவர் என்னிடம் டம்ளரை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. “டீ வேணாம்ண்ணே. அன்னைக்குச் சத்தமாச் சொன்னீங்கள்ல, இதையும் சத்தமாச் சொல்லுங்க.”

அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் களையெடுக்கக் கூப்பிட்டார்கள். அவர் வயலுக்கு மட்டும் நான் போவதில்லை.

கூட்டத்தில் இப்போதும் தலை குனிந்துதான் போகிறது. கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிடுகிறேன்.